தூண் பங்களாவுக்குப் போன காணும் பொங்கல்

எண்ணூரில் கழிமுகத்தை ஒட்டி நின்ற தூண் பங்களாவை நான் பார்த்ததில்லை. பார்க்கப் போனவள்தான். மார்கழி முழுக்க அதற்காகத் திட்டம் போட்ட குடும்பம் எங்களுடையது. படகேறிப் போய், அதன் கேட்டுக்குள் நுழைந்து, வெயில் சாயும்வரை தோட்டத்தில் இருந்துவிட்டுத் திரும்பியும் வந்தோம். ஆனாலும் அந்த வீடு உள்ளே எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், மாமா அளந்த கதைகளைத்தான் நான் திருப்பி அளக்க வேண்டியிருக்கும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவர் வேலை. பொங்கலுக்கு முன்னால் எங்கள் தண்டையார்பேட்டையில் அவரைப் பிடிப்பதே கஷ்டம். அந்த வருஷம் அவருடைய மேஸ்திரிக்குத் தூண் பங்களா வேலை கிடைத்திருந்தது. கும்பினிக் காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்கார வியாபாரி கட்டிய வீடு அது. பிறகு எத்தனையோ கை மாறி, அப்போது ஒரு துரையிடம் இருந்தது. துரை கோடையில் மட்டும் வந்து காற்று வாங்கிவிட்டுப் போவாராம். காணும் பொங்கல் ஒரு நாள் மட்டும் தோட்டத்தையும் கீழ்க்கட்டையும் ஜனங்களுக்குத் திறந்துவிடுவது பழைய வழக்கம். அதனால்தான் அதற்கு முன் சுண்ணாம்பு.

மாமா சாயங்காலம் வந்து வெள்ளை தெறித்த கைகளைக் கழுவிக்கொண்டே சொல்வார். ஒரு கூடம் முழுக்க ஆளுயரக் கண்ணாடியாம். நடுவில் நின்றால் தலையும் காலும் முதுகும் ஒரே சமயத்தில் தெரியுமாம். தோட்டத்தில் மயில் இருக்கிறதாம், அது துரைசானி கூப்பிட்டால் மட்டும் வருமாம். எங்கள் வீட்டில் இருந்த கண்ணாடியோ உள்ளங்கை அகலம். அதில் ஒரு கண்ணைப் பார்த்தால் இன்னொரு கண்ணைப் பார்க்க முடியாது. என் முதுகு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமலே எட்டு வயதுவரை வளர்ந்திருந்தேன். தூண் பங்களாவுக்குப் போகிறோம் என்று அம்மா சொன்ன அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னைப்போலவே கண்ணாடி, மயில் என்று நினைத்துக்கொண்டு பின்னால் வருவீர்கள். அந்தத் திட்டம் பங்களாவைப் பார்க்கப் போட்ட திட்டமே அல்ல. என் அக்கா தன் பிள்ளையைப் பார்க்கப் போட்ட திட்டம். எனக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை, காதில் விழுந்ததை வைத்துத்தான் மெல்லப் புரிந்தது. எனக்குச் சொல்வதும் தெருவில் தண்டோரா போடுவதும் ஒன்று என்று அம்மாவுக்குத் தெரியும்.

அக்காவைத் திருவொற்றியூரில் கொடுத்திருந்தோம். முதல் பிள்ளை ஆண். அவனுக்குக் காது குத்துகிற அன்றுதான் எல்லாம் கெட்டது. எங்கள் ஜனத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அக்காவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் அம்மாவின் தம்பியான எங்கள் மாமா அந்த முறையைச் செய்வதாகப் பேச்சு. அவரும் வேட்டி புதிது கட்டி, வெற்றிலை பாக்குத் தட்டோடு மனையில் உட்கார்ந்துவிட்டார். அக்காவின் மாமியார், சுண்ணாம்பு அடிக்கிறவன் மடியில் என் பேரன் உட்காருவதா என்று ஒரு வார்த்தை விட்டாள். தன் அண்ணன் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

நைனா என்றால் எங்கள் அப்பா, துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற கலாசி. அவருக்குப் பேச்சு குறைவு, கோபம் அதிகம். எழுந்து நின்றார்.

"எங்க மடி ஆவாதுன்னா எங்க பொண்ணும் ஆவாது. புள்ளைய நீங்களே வச்சிக்கோங்க."

அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். தவழ்கிற பிள்ளை அங்கேயே தங்கிப்போனான். இரண்டு பக்கமும் ஆறிப்போகும் என்றுதான் ஊரே நினைத்தது. ஆறவில்லை. பஞ்சாயத்து வைத்தார்கள். அதில் மாமியார்க்காரி, வச்சிக்கோ என்று சொன்னவர் அவர்தானே, நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்றாள். அக்காவின் புருஷன் தன் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவர், அவள் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். நைனாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தட்டில் எரிந்த கற்பூரத்தைக் கையால் அணைத்து, இனி அந்தப் பிள்ளை முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம் எங்கள் வீட்டில் விளையாட்டல்ல. மீறினால் யார் பேரில் செய்தோமோ அவர்களுக்கு ஆகாது என்பார்கள். அதாவது, நைனா அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டால் கேடு அந்தப் பிள்ளைக்குத்தான். அம்மா அன்று முதல் திருவொற்றியூர்ப் பக்கம் போகிற வண்டியைக் கண்டாலே பயந்தாள்.

அக்கா வந்த வாரம் பால் கட்டிக் காய்ச்சலாகக் கிடந்தாள். அம்மா மல்லிகைப் பூவை வாங்கி அவள் மாரில் வைத்துக் கட்டினாள். தலையில் வைக்க வேண்டிய பூவை இப்படி வீணடிக்கிறார்களே என்று எனக்கு அங்கலாய்ப்பு. எனக்குக் கொஞ்சம் தரக்கூடாதா என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கினேன். பிறகு காய்ச்சல் விட்டது. அக்கா சமைத்தாள், துவைத்தாள், எனக்குத் தலை பின்னினாள். ஆனால் தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சத்தம் நிற்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று.

அக்காவின் நாத்தனார் நல்ல பெண். கல்யாணம் ஆகாதவள். பங்களா வேலைக்குப் போகிற வழியில் மாமா அவளைக் கால்வாய்க் கரையில் பார்த்துப் பேசியிருக்கிறார். பிறகு அடிக்கடி பேசியிருக்கிறார். அப்படி உருவான திட்டம்தான் இது. காணும் பொங்கலன்று யாரையும் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். கடற்கரை, கோயில், தோட்டம் என்று கால் போன இடத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிற நாள். நாத்தனார் தன் தெருப் பெண்களோடு பங்களா பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பிள்ளைக்கும் வேடிக்கை காட்டுகிறேன் என்று தூக்கிக்கொண்டு வருவாள். மாமியாருக்கு மூட்டுவலி, படகேற மாட்டாள். தெருப் பெண்கள் பங்களாவுக்குள் சுற்றிப் பார்க்கிற நேரத்தில் இவள் மட்டும் நழுவித் தோட்டத்துக்கு வந்துவிடுவாள். அவர்கள் வெளியே வருவதற்குள் திரும்பிப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவோ அவ்வளவுதான் அக்காவுக்கு.

நைனா வேலைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் மாமா அடுப்படித் தரையில் தோட்டத்தைப் போட்டுக் காட்டினார். அரிசிப் படியைக் கவிழ்த்து, இதுதான் பங்களா என்றார். முறம் குளம். அம்மிக்குழவி கேட்டு. கேட்டிலிருந்து குளத்தைச் சுற்றி அரிசியை இழையாகச் சிந்தி, இது பாதை என்றார். பாதை முடிகிற இடத்தில், முறத்துக்குப் பின்னால், சொம்பை வைத்தார்.

"இதாண்டதான் வந்து நிக்கும் அந்தப் பொண்ணு. இது ஒரு கல்லுப் பொம்பளக்கா. தோள்ல குடம் வச்சிகினு கீது. குடத்துலேருந்து தண்ணி ஊத்திகினே இருக்கும்."

"அடையாளம் தெரியுமா? அங்க நாலு பொம்மை இருந்தா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுதான் கீது. தெரியாம போவாது. மேலுக்கு ஒண்ணுமே கட்டல."

அம்மா அவர் வாயிலேயே அடித்தாள். அக்கா மட்டும் அந்தச் சொம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாத்தனாரிடமும் இதே அடையாளத்தைத்தான் சொன்னேன், அவள் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள் என்று மாமா சொன்னார். மயில் எங்கே இருக்கும் என்று நான் கேட்டேன். அவர் ஒரு காய்ந்த மிளகாயை எடுத்து முறத்தின் ஓரத்தில் வைத்தார். அம்மா சாமான்களை எடுத்து வைக்கச் சொன்னபோது ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று மனசில் பதிய வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். எனக்கு மயில் முக்கியம்.

திட்டத்தில் நைனாவுக்கு இடமில்லை. ஒவ்வொரு வருஷமும் காணும் பொங்கலுக்கு அவர் கூட்டாளிகளோடு கடற்கரைக்குப் போவார், பொழுது சாய்ந்து வருவார். நாங்கள் எங்கே போனோம் என்று கேட்டதே இல்லை. அதை நம்பித்தான் எல்லாமே.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம் அம்மா குழிப்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். வெல்லம் போட்டு, பல் முளைக்காதவன்கூடத் தின்னும்படி மெத்தென்று. எனக்குக் கையை நீட்டினால் அடி விழுந்தது, எல்லாம் நாளைக்காம். நைனா வாசல்படியில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டி நகம் வெட்டிக்கொண்டிருந்தவர், நிமிராமலே கேட்டார்.

"நாளைக்குப் படகு எத்தினி மணிக்கு?"

அம்மாவின் கை நின்றது. "பீச்சுக்குப் போவலியா?"

"பீச்சு எங்க போவப் போவுது. நானும் வரேன்."

அந்த ஈடு முழுக்கக் கருகிப்போயிற்று. கருகியதை எனக்குக் கொடுத்தார்கள். நைனாவும் வருகிறார் என்ற சந்தோஷத்தில் நான் அத்தனையும் தின்றேன்.

மாமா வந்ததும் அம்மா அவரைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அக்காவும் போனாள். நானும் தண்ணீர் மொள்ளுகிற சாக்கில் போனேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள். போவதை நிறுத்திவிடலாம் என்றாள். திருவொற்றியூருக்கு இனிமேல் சேதி சொல்ல முடியாது என்றார் மாமா. நாம் போகாவிட்டால் அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றுவிட்டுப் போய்விடும், இன்னொரு தரம் அதற்கு தைரியம் வராது என்றார். போனால் அவர் பார்த்துவிடுவாரே, பார்த்துவிட்டால் அந்தப் பச்சைப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றாள் அம்மா. இரண்டு பேரும் மாறி மாறி இதையே சொன்னார்கள்.

அக்கா அன்று பேசியது ஒரே பேச்சு. "நைனா வெட்டிப் போட்டாலும் நான் போவேன்."

அதற்குப் பிறகு மாமாதான் வழி சொன்னார். அவர் நைனாவோடு கேட்டுக்கு வெளியிலேயே ஒட்டிக்கொண்டு, என்ன சாக்குச் சொல்லியாவது அவரை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வார். நாங்கள் மூன்று பெண்கள் மட்டும் உள்ளே போக வேண்டியது. வழி கேட்க ஆள் இருக்காது. சொம்பு இருந்த இடம் ஞாபகம் இருக்கிறதல்லவா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா இருக்கிறது என்று தலையாட்டினாள். அவளுக்கு அந்த நேரத்தில் தன் பேரே ஞாபகம் இருந்திருக்காது.

மறுநாள் பக்கிங்காம் கால்வாயில் படகு நிறைய ஜனம். பாட்டும் சிரிப்பும் தயிர்சோற்று வாசனையும். எங்கள் குடும்பம் மட்டும் துக்க வீட்டுக்குப் போகிறதுபோல உட்கார்ந்திருந்தது. பணியாரத் தூக்கை அக்கா மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என்னிடம் கொடு, நான் பிடிக்கிறேன் என்றால் கொடுக்கவில்லை. கரையில் கயிற்றைத் தோளில் போட்டுப் படகை இழுத்துக்கொண்டு போகிறவர்களை நான் எண்ணிக்கொண்டு வந்தேன். என்னோடு பேச ஆள் இல்லை.

திருவொற்றியூர்த் துறையில் படகு நின்றது. ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். மாமா எழுந்து நின்று கரையை மறைத்தாற்போல் வேட்டியை உதறிக் கட்டினார், அவிழ்த்து மறுபடியும் கட்டினார். நைனாவைப் பார்த்தேன். அவர் துண்டை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு பலகையில் சாய்ந்திருந்தார். பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. படகு துறையை விட்டுக் கிளம்பி வெகுதூரம் போன பிறகுதான் துண்டை எடுத்தார்.

பங்களாவின் கேட்டு மாமா சொன்னதைவிடப் பெரியது. அதற்கு அப்பால், மரங்களுக்கு நடுவில், வெள்ளைத் தூண்கள் வரிசையாகத் தெரிந்தன. மாமா அடித்த சுண்ணாம்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. காவல்காரர் எல்லாரையும் உள்ளே போகச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார். மாமா சாக்குச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நைனாவே நின்றுவிட்டார்.

"நீங்க போங்க. எனக்கு முட்டி நோவுது."

"நானும் இவராண்டயே குந்திக்கிறேன்," என்று மாமா அவசர அவசரமாகச் சொன்னார். அம்மா சாமியைக் கும்பிடுவதுபோல நைனாவைப் பார்த்துவிட்டு, அக்காவை இழுத்துக்கொண்டு உள்ளே விரைந்தாள். நைனா கேட்டுக்கு வெளியே இருந்த புங்கமரத்தடியில் போய், பங்களாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். என்னை மட்டும் கூப்பிட்டார். இடுப்பு மடியிலிருந்து சிவப்புச் சாயம் அடித்த ஒரு மர ஊதலை எடுத்து நீட்டினார். கைக்குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்பது.

"எனக்கா? நான் இன்னா கொழந்தயா?"

"வோணாம்னா உள்ள சின்னப் புள்ளைங்க யாருனா இருந்தா குடு. நல்லா சத்தமா ஊதச் சொல்லு."

வருஷத்துக்கு ஒரு தரம் மனசு வைத்து எனக்கென்று ஒன்று வாங்கியவர், அதையும் இப்படி வாங்கினாரே என்று எனக்கு அழுகை வந்தது. பாவாடைக் கொசுவத்தில் அதைச் செருகிக்கொண்டு அம்மாவைத் துரத்திக்கொண்டு ஓடினேன்.

உள்ளே ஜனம் அலைமோதியது. குளம் இருந்தது. பாதை மாமா சிந்திய அரிசி போலவே வளைந்துதான் போனது. கல்லுப் பொம்பளையைத்தான் காணோம். அம்மா குளத்தை ஒரு சுற்று சுற்றினாள், மறுபடியும் சுற்றினாள். குரோட்டன்ஸ் செடிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தோட்டக்காரர் ஒருவர் போனார். அவரை நிறுத்தினாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஒன்றும் கட்டாத பொம்பளை எங்கே நிற்கிறாள் என்று ஒரு ஆம்பிளையிடம் அவளால் எப்படிக் கேட்க முடியும்? அவர் போய்விட்டார். பங்களாப் படிக்கட்டில் ஒரு கூட்டம் பெண்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். அந்தத் தெருப் பெண்கள்தானோ என்னவோ, அக்கா அவர்களைப் பார்த்ததும் என் கையை இறுக்கினாள். அவர்கள் வெளியே வந்தால் எல்லாம் முடிந்தது. நான் கண்ணாடிக் கூடம், கண்ணாடிக் கூடம் என்று நச்சரித்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாதை முடிகிற இடத்தில் ஒரு மகிழமரம். அதனடியில் பெண்கள் கும்மி அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு அம்மன். மஞ்சள் சேலை கட்டி, முகம் முழுக்க மஞ்சள் பூசி, நெற்றியில் பெரிய குங்குமம். காலடியில் கற்பூரம் எரிந்தது, பொங்கல் பானைகூட வைத்திருந்தார்கள். துரை தோட்டத்தில் அம்மன் எப்படி வந்தாள் என்று கேட்கிற நிலையில் அம்மா இல்லை. கூட்டத்துக்குள் புகுந்து கையெடுத்துக் கும்பிட்டு நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது. தாயே, அந்தப் பொம்மை இருக்கிற இடத்தைக் காட்டு என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டாள்.

நான் மனசுக்குள் அடுப்படித் தரையைப் போட்டுப் பார்த்தேன். குழவி, அரிசி, முறம். முறத்துக்குப் பின்னால், அரிசி முடிகிற இடத்தில்... நிமிர்ந்து அம்மனைப் பார்த்தேன். மூக்கு துரைசானி மூக்கு. தோளில் ஒரு குடம். குடத்து வாயிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி மஞ்சள் சேலையின் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"யம்மா," என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். "இதான் சொம்பு."

காலையில் முதலில் வந்த யாரோ ஒரு புண்ணியவதி, நல்ல நாளும் அதுவுமாய் ஒரு பெண்பிள்ளை இப்படி நிற்கிறாளே என்று மனசு கேட்காமல் மாற்றுச் சேலையைச் சுற்றிவிட்டிருக்கிறாள். அடுத்து வந்தவள் மஞ்சள் பூசியிருக்கிறாள். மூன்றாவது ஆள் கற்பூரம் ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அவள் அம்மன்தான். எங்கள் பெண்களை விட்டால் வேறு யாரும் இந்தக் காரியம் செய்திருக்க மாட்டார்கள்.

கும்மிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கழுத்தை நீட்டி நீட்டித் தேடிக்கொண்டு நின்றாள். அவளும் சேலை கட்டாத பொம்மையைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் அவள் முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது. அக்கா ஓடவில்லை. மரத்துக்குப் பின்பக்கமாகப் போய்ப் புல்லில் உட்கார்ந்தாள். நாத்தனார் வந்து, பையனை அவள் எதிரில் இறக்கிவிட்டு, காதோடு காதாக என்னவோ சொன்னாள். நேரம் இல்லை என்பதும், அவன் இப்போது நன்றாகப் பேசுகிறான், பார்த்ததையெல்லாம் வீட்டில் போய் ஒப்பிக்கிறான் என்பதும் மட்டும் என் காதில் விழுந்தது.

அக்கா தூக்கைத் திறந்தாள். அவன் பணியாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ ஆரு?"

"பணியாரம் விக்கிறவ," என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேய், இது உன் அம்மாடா என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள் பாருங்கள், இரண்டு நாள் அங்கே கன்றிப்போய் இருந்தது. அவன் ஒரு பணியாரம் தின்றான். இன்னொன்று கேட்டான். அவள் பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள். அவன் மென்றுகொண்டிருக்கும்போது அவன் காதுமடலை விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தாள். சின்னதாகக் கடுக்கன். அவள் இருந்து பார்க்காத காதுகுத்து. புண் ஆறி வெகுநாள் ஆகியிருந்தது. இந்தக் காதையும் பார்த்தாள், அந்தக் காதையும் பார்த்தாள்.

அவனுக்குப் பணியாரம் அலுத்து, நழுவப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு ஊதல் ஞாபகம் வந்தது. அந்தச் சனியனைத் தொலைத்தால் போதுமென்று அவன் கையில் திணித்தேன். அவன் அதைத் தலைகீழாகக் கடித்தான். அக்கா அதைத் திருப்பி அவன் வாயில் வைத்தாள். எச்சில்தான் வழிந்தது. பிறகு ஒரே ஒரு தரம் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. யார் ஊதியது என்று அவனே திரும்பிப் பார்த்தான். அக்கா சிரித்தாள். நாத்தனார் அதற்குள் அவனை வாரி எடுத்துக்கொண்டாள். பங்களாப் படிக்கட்டில் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அந்தப் புல்லை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் கண்ணாடிக்காக அழுதேன், மயிலுக்காக அழுதேன், ஒன்றும் எடுபடவில்லை. வெயில் இறங்கியதும் காவல்காரர் எல்லாரையும் வெளியே விரட்டினார். நைனா புங்கமரத்தடியில் உட்கார்ந்த இடத்திலேயே, உட்கார்ந்தபடியே இருந்தார். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம், மாமா அம்மாவிடம் நிம்மதியாகச் சொன்னார். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு பெரிய பங்களாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்களா என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. என்னைவிடவும் ஏமாந்தவர் ஒருவர் இருக்கிறாரே என்று கொஞ்சம் ஆறுதலும்கூட.

திரும்பும் படகில் அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஊதல் எங்க?"

வீட்டில் ஒரு ஊசி தொலைந்தால் வீட்டையே புரட்டிப் போடுகிறவர் அவர். "ஒரு பையனாண்ட குட்த்துட்டேன்," என்றேன்.

எதிரில் அம்மாவின் முகம் வெளுத்தது. மாமா தண்ணீரைப் பார்த்தார். அக்கா மட்டும் தலையை நிமிர்த்தி நைனாவையே பார்த்தாள். நைனா என்னைத் திட்டவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஊதுனானா?"

"ஊதத் தெரில நைனா. எச்சியாக்கிட்டான். அப்பால ஒரே ஒரு வாட்டி சத்தம் வந்திச்சி."

"வாசலாண்ட வரிக்கும் கேக்கலியே," என்றார். என் பக்கம் திரும்பி, "எப்டி வந்திச்சி? செஞ்சு காட்டு," என்றார்.

நான் வாயைக் குவித்து அந்தக் கீச்சுச் சத்தத்தைச் செய்து காட்டினேன். இன்னொரு வாட்டி என்றார். செய்தேன். இன்னொரு வாட்டி என்றார். என் குரல் அவருக்கு இவ்வளவு பிடிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பங்களா பார்க்காத துக்கமெல்லாம் போய், படகு திருவொற்றியூர்த் துறையைத் தாண்டும்வரை அவருக்காகக் கீச்சிட்டுக்கொண்டே வந்தேன்.